போல்ஸோவும் போல்ஸாவும்

(ஸ்பானிய மொழி பயில்வோர் முன் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2018 மே 31 அன்று பிற்பகல் முழுக்க ஸ்பெயின் பிரதமரின் நாற்காலியில் ஒரு கைப்பை உட்கார்ந்திருந்தது. மரியானோ ரஹோய் அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் விவாதத்தில் இருந்த நாள் அது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போன பிரதமர் அவைக்குத் திரும்பவில்லை. மத்ரித் நகரின் ஓர் உணவகத்தில் எட்டு மணி நேரம் போல இருந்துவிட்டார். காலியாகக் கிடந்த அந்த இருக்கையில், பக்கத்தில் அமர்ந்திருந்த துணைப் பிரதமர் சொராயா சாயென்ஸ் தெ சாந்தமரீயா தன் பையை எடுத்து வைத்தார். புகைப்படக்காரர்கள் விடுவார்களா? நாடு முழுக்க அந்தப் படம்தான். மறுநாள் 180 வாக்குகளில் ஆட்சி கவிழ்ந்தது. ஸ்பெயினில் இன்றும் 'சொராயாவின் போல்ஸோ' என்றால் எந்தப் பை, எந்த நாள் என்று விளக்கம் வேண்டியதில்லை.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 2016 ஜூன் 14 விடியற்காலையில், அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இன்னொரு பைக் கதை. அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரஸ் மாகாணத்தில் ஹெனரல் ரொத்ரீகெஸ் என்ற ஊர். அங்கே கன்னிமாடம் ஒன்றின் சுவருக்கு அப்பால் ஒருவர் இருட்டில் பை பையாகத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் போலீசுக்குச் சொல்ல, வந்து பார்த்தால் ஆள் முன்னாள் பொதுப்பணித் துறைச் செயலாளர் ஹோசே லோபெஸ். பைகளில் இருந்தது ஏறக்குறைய 90 லட்சம் அமெரிக்க டாலர். அர்ஜென்டினப் பத்திரிகைகள் இந்த விவகாரத்துக்கு இட்ட பெயர் 'லோபெஸின் போல்ஸோக்கள்'.

இங்கேயும் போல்ஸோ, அங்கேயும் போல்ஸோ. ஆனால் 90 லட்சம் டாலர், எல்லாம் நூறு டாலர் தாளாகவே இருந்தாலும், 90,000 தாள். தாள் ஒன்று ஒரு கிராம். ஆக 90 கிலோ. இதை சொராயா தோளில் மாட்டியிருந்த மாதிரிப் பைகளில் அடைப்பதென்றால் லோபெஸ் விடிய விடியச் சுவர் ஏறியிருக்க வேண்டும். செய்தியை மத்ரித்தில் படித்த ஒருவர் ஒரு கணமாவது வரிசையாகப் பெண்களின் கைப்பைகளைக் கற்பனை செய்திருப்பார். அர்ஜென்டினாவில் போல்ஸோ என்றால் துணிமணி திணித்துக்கொண்டு பஸ் ஏறுகிற பெரிய ட்ராவல் பேக். ஸ்பெயினில் போல்ஸோ என்றால் பெண்களின் கைப்பை. எழுத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது.

அப்படியானால் அர்ஜென்டினாவில் பெண்களின் கைப்பைக்கு என்ன பெயர்? கர்த்தேரா. பெருவிலும் சிலியிலும் கியூபாவிலும் அதேதான். சரி, இந்தக் கர்த்தேரா ஸ்பெயினில் என்ன ஆகிறது? பணமும் அடையாள அட்டையும் வைக்கிற பர்ஸ் ஆகிவிடுகிறது. மெக்சிகோவுக்குப் போனால் கைப்பையின் பெயர் போல்ஸா. அந்தப் போல்ஸா ஸ்பெயினில் காய்கறி வாங்கும் பை, பல்பொருள் அங்காடியில் காசு கட்டும் இடத்தில் "போல்ஸா வேண்டுமா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்கிறார்களே, அது. மெக்சிகோவிலோ கைப்பைக்கும் கடைப் பைக்கும் போல்ஸாதான், போதாக்குறைக்குக் கால்சட்டைப் பைக்கும் போல்ஸாதான். "போல்ஸாவில் போட்டுக்கொள்" என்று மெக்சிகோக்காரர் சொன்னால் பாதி நேரம் அவர் கைகாட்டுவது உங்கள் இடுப்புப் பக்கம்.

ஆக மூன்று சொற்களும் மூன்று பைகளும் சேர்ந்து நாற்காலிப் போட்டி விளையாடுகின்றன. பாட்டு நிற்கும் நாட்டைப் பொறுத்து யார் எந்த நாற்காலியில் என்பது மாறும். இருமொழி அகராதியைத் திறந்து 'பை' என்ற இடத்தில் விரலை வைத்து, எதிரே முதலில் இருக்கிற போல்ஸாவை எடுத்துக்கொண்டு போகிற மாணவர் விழுவது இந்த இடத்தில்தான். ஸ்பானியம் 20 நாடுகளில் ஆட்சிமொழி, போதாததற்குப் புவெர்த்தோ ரிக்கோ. தாய்மொழியாகப் பேசுவோர் ஏறக்குறைய 50 கோடிப் பேர். மேசை, சூரியன், ரொட்டி, அம்மா என்றால் எல்லோருக்கும் ஒரே சொல். பை என்று வந்தால் ஆளுக்கு ஒரு சொல். அன்றாடம் கையில் புழங்கும் பொருள்களுக்கு எந்த மொழியிலும் இப்படித்தான் பெயர்கள் பெருகும். ஆனால் ஸ்பானியம் இதில் கொஞ்சம் அதிகமாகவே போகிறது.

இதனால் வரும் சங்கடம் சிரிப்போடு முடிவதில்லை. மத்ரித் காவல் நிலையத்தில் லீமாவிலிருந்து வந்த ஒரு பெண் "என் கர்த்தேராவைத் திருடிவிட்டார்கள்" என்று புகார் கொடுக்கிறார் என்று வையுங்கள். எழுதுகிறவர் பர்ஸ் என்று எழுதுவார். அந்த அம்மாளோ பர்ஸ், போன், வீட்டுச் சாவி, மருந்துச் சீட்டு எல்லாம் இருந்த முழுக் கைப்பையைச் சொல்கிறார். இதே இடத்தில் மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருந்தால் அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'பை எப்படி இருந்தது' என்பதுகூட இல்லை. 'நீங்கள் எந்த ஊர், அம்மா?' என்பதுதான்.

கர்த்தேராவின் குடும்பம் பெரியது. கார்த்தா என்றால் கடிதம், தாள். தாள் வைக்கும் பை கர்த்தேரா. அதைச் சுமந்து கடிதம் கொடுக்க வருகிற ஆண் கர்த்தேரோ. பெண்ணாக இருந்தால் அவரும் கர்த்தேரா. கூட்டத்தில் பர்ஸ் அடிக்கிறவன் கர்த்தெரீஸ்தா. முன்னொரு காலத்தில் ஸ்பெயினில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போன தோல் பையும் கர்த்தேராதான். முதலீட்டாளர் வாங்கி வைத்திருக்கும் பங்குகளின் தொகுப்பும் அதே. எல்லாவற்றுக்கும் மேலாக அமைச்சரின் இலாகாவும் கர்த்தேரா. நாம் 'இலாகா இல்லாத அமைச்சர்' என்று சொல்வதை அவர்கள் 'கர்த்தேரா இல்லாத அமைச்சர்' என்பார்கள். ஸ்பெயினில் இது வெறும் உருவகம் இல்லை. பதவி விலகுகிற அமைச்சர் புதியவரிடம் நிஜமாகவே ஒரு தோல் பையைக் கையில் கொடுப்பார், அந்தப் படம் மறுநாள் பத்திரிகையில் வரும்.

இப்போது போல்ஸா. லத்தீனில் புர்ஸா, அதற்கு முன் கிரேக்கத்தில் பிர்ஸா, பொருள் உரித்த தோல். மாட்டுத்தோலில் தொடங்கிய சொல் இன்று பாலிதீனில் வந்து நிற்கிறது. ஸ்பெயினில் வழிப்பறிக்காரன் கேட்கிற மரபான கேள்வி 'போல்ஸாவா, உயிரா?' அங்கே போல்ஸா என்பது பணப்பை. பங்குச் சந்தைக்கும் போல்ஸா என்றே பெயர். புரூஜஸ் நகரில் வான் டெர் பியூர்ஸ என்ற குடும்பத்தின் விடுதி வாசலில் வணிகர்கள் கூடுவார்கள் என்றும், அந்தக் குடும்பத்தின் சின்னத்தில் மூன்று பணப்பைகள் இருந்தன என்றும், சந்தைக்குப் பெயர் அங்கிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். மத்ரித்தின் போல்ஸா 1831இல் தொடங்கியது. 'போல்ஸா விழுந்தது' என்று செய்தி வந்தால் யாரோ தக்காளிப் பையைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று எண்ணக் கூடாது. போல்ஸாவைச் சின்னதாக்கினால் போல்ஸீயோ, சட்டைப் பை. 'போல்ஸீயோப் புத்தகம்' என்றால் கையடக்கப் பதிப்பு.

ஆண்பால் போல்ஸோவுக்கும் பெண்பால் போல்ஸாவுக்கும் என்ன வித்தியாசம் என்று வகுப்பில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஸ்பெயின் வழக்கைச் சொல்லலாம். வாயும் பிடியும் உருவமும் உள்ளது போல்ஸோ. போட்டதற்கேற்ற வடிவத்தை எடுத்துக்கொண்டு தொளதொளவென்று தொங்குவது போல்ஸா. இந்த மொழியில் பெண்பாலுக்குப் பல நேரம் அளவு கூடும். வீட்டுப் பின்புறக் காய்கறித் தோட்டம் உவேர்த்தோ, அதுவே பெரும் பரப்பானால் உவேர்த்தா. சாக்கு ஸாக்கோ, அஞ்சலகத்தில் கடிதம் கட்டி அனுப்பும் பெரிய நீளச் சாக்கு ஸாக்கா. இதில் வேடிக்கை, பெண்கள் மட்டுமே சுமப்பதாக ஊர் நினைக்கும் பைக்கு ஆண்பால் பெயர் வாய்த்திருப்பது. ஆண்கள் கைப்பை தூக்கத் தொடங்கியபோதோ ஸ்பெயினில் அதற்கு ஓரினச் சேர்க்கையாளரைப் பழிக்கும் வசைச்சொல்லில் இருந்தே ஒரு பெயரைச் செய்தார்கள். அகராதியில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. அகராதியில் இருப்பதாலேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில்லை. உடம்புக்குக் குறுக்கே வார் போட்டு மாட்டும் பைக்கு பந்தொலேரா என்ற நல்ல சொல் இருக்கிறது, கடைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள்.

ஸாக்கோ இன்னொரு வம்பு. ஸ்பெயினில் உருளைக்கிழங்கு வருவதும் ஸாக்கோவில்தான், மலையேறிகள் படுத்துறங்குவதும் ஸாக்கோவில்தான். லத்தீன் அமெரிக்காவின் பெரும்பகுதியில் ஸாக்கோ என்பது ஆண்கள் அணியும் கோட்டு. 'ஸாக்கோவும் டையும் அணிந்து வரவும்' என்று திருமண அழைப்பில் இருக்கும். ஸ்பெயினிலிருந்து வந்த விருந்தாளி கோணிப்பை தேடத் தேவையில்லை. அவர் அதே கோட்டை என்னவென்று சொல்வார் தெரியுமா? அமெரிக்கானா. அமெரிக்காக்காரர் அதை ஸாக்கோ என்கிறார், ஐரோப்பாக்காரர் அமெரிக்கானா என்கிறார். அர்ஜென்டினர்கள் படுக்கும் பையைப் போல்ஸா என்று மாற்றிவிட்டார்கள். ஸாக்கோ என்றே விட்டிருந்தால் மலையடிவாரத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு படுப்பதாக அர்த்தம் வந்திருக்கும்.

ஸாக்கோவிலிருந்து பிறந்த வினை ஸாக்கேயார்: கொள்ளையடிப்பது. ஊரை அடித்துச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவது. 1527 மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படைகள் ரோம் நகரத்தைச் சூறையாடியதை ஸ்பானிய வரலாற்று நூல்கள் 'ரோமின் ஸாக்கோ' என்றே குறிக்கின்றன. பேச்சு வழக்கிலும் சாக்கு நிறைய உண்டு. சொன்ன புத்தி ஏறவில்லை என்றால் 'ஓட்டைச் சாக்கில் விழுந்தது' என்பார்கள். நம்மிடம் செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம். அவர்கள் கிழிந்த சாக்கில் அரிசி போடுகிறார்கள்.

சாக்குக்கு இன்னொரு சொல், மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அதிகம் புழங்குவது, கொஸ்தால். விலா எலும்பைக் குறிக்கும் லத்தீன் சொல் இதன் வேர். விலாவில் சாய்த்துத் தூக்குவதால் வந்த பெயர். ஒரு விஷயத்துக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல 'அது வேறு கொஸ்தாலின் மாவு' என்பது எங்கும் கேட்கும் வழக்கு. ஆனால் இந்தச் சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் புனித வாரத்தில் செவீய்யா நகரத்துக்குப் போக வேண்டும். இயேசு, மரியாள் சுரூபங்களைத் தாங்கிய பெரிய மேடைகள் வீதி உலா வரும். மேடை ஒரு டன்னுக்கு மேல் எடை இருக்கும். சக்கரம் கிடையாது. திரைத் துணிக்கு உள்ளே, யாருக்கும் முகம் தெரியாமல், முப்பது நாற்பது பேர் சுமந்து நடக்கிறார்கள். அவர்களுக்குப் பெயர் கொஸ்தலேரோ. சாக்குத் துணியை மடித்துத் தலையைச் சுற்றி இறுக்கி, பிடரியில் அந்தத் துணியிலேயே ஒரு உருளையைச் சுருட்டி வைத்து, அதன் மேல் குறுக்குக் கட்டையைத் தாங்குவார்கள். அந்தச் சும்மாடுதான் கொஸ்தால். பிடரி உருளையின் பெயர் மொர்ஸீயா, அதாவது ரத்தம் அடைத்த தொத்திறைச்சி. உருவத்தைப் பார்த்தால் பெயர் பொருத்தம் புரியும்.

முன்பெல்லாம் இந்த வேலைக்குத் துறைமுகத்திலும் சந்தையிலும் மூட்டை தூக்குகிறவர்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர்கள் தங்கள் தொழில் கருவியான சாக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தார்கள். 1973இல் செவீய்யாவின் மாணவர் சகோதரத்துவ சபையில் உறுப்பினர்களே கூலியில்லாமல் சுமக்கத் தொடங்கினார்கள். பிற சபைகளும் பின்பற்றின. இன்று அது பெருமை, இடம் கிடைப்பது கடினம். மூட்டைக்காரர்கள் போய்விட்டார்கள், அவர்களின் சாக்கு மட்டும் பக்தர்களின் தலையில் இருக்கிறது. இந்தச் சூழலில் கொஸ்தால் என்ற சொல்லை 'சாக்கு' என்று மொழிபெயர்க்கிறவர் பிழை செய்யவில்லை என்றாலும் எதையும் சொல்லவும் இல்லை. 'சும்மாடு' என்று எழுதினால் தமிழ் வாசகருக்குப் பிடரி வலிக்கும்.

முதுகுப் பைக்கு வருவோம். மொச்சிலா என்பது பாடப்புத்தகச் சொல், பெரும்பாலான நாடுகளில் செல்லும். இதன் பிறப்பு அழகானது. பாஸ்க் மொழியில் சிறுவனுக்கு முத்தில். அதிலிருந்து ஸ்பானியத்தில் மொச்சில், ஏவலுக்கு ஓடும் பையன். அவன் தோளில் தொங்கியது மொச்சிலா. பாஸ்க் சொல்லுக்குள்ளே போனால் 'மழித்த தலை' என்ற லத்தீன் பொருள் கிடக்கிறது என்பது ஸ்பானிய அகாடமியின் அகராதி தரும் விளக்கம். ஆக ஒவ்வொரு கல்லூரி மாணவரின் முதுகிலும் ஒரு மொட்டைத் தலைப் பையன் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.

மொர்ரால் இன்னும் தாழ்ந்த இடத்திலிருந்து வந்தது. மொர்ரோ என்றால் விலங்கின் மூஞ்சி. குதிரையின் வாயில் கட்டித் தீனி போடும் பைதான் மொர்ரால். வேடன் அதைத் தோளில் மாட்டினான், பிறகு உழவன், பிறகு மாணவன். மெக்சிகோவில் மொர்ரால் என்றால் தோளில் தொங்கும் நெய்த பை. நம் ஊரில் எழுத்தாளர்களின் அடையாளமாக இருந்த ஜோல்னாப் பையை அதற்கு எழுதலாம். கொலம்பியாவில் மொர்ரால் முதுகுக்கு ஏறிவிடுகிறது. ஏனென்றால் அங்கே மொச்சிலா என்ற சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

அது என்ன வேலை? சியர்ரா நெவாதா தெ சாந்த மார்த்தா மலைகளில் வாழும் அர்வாக்கோ மக்களிடம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே பெண்கள் நடந்துகொண்டே, பேசிக்கொண்டே, ஊசியும் நூலுமாகப் பை பின்னுவார்கள். அடியில் ஒரு சுழியிலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி மேலே வரும் வட்டப் பை. அவர்கள் மொழியில் துத்து, ஸ்பானியத்தில் மொச்சிலா. பழுப்பு, கறுப்பு, வெள்ளை என ஆட்டுரோமத்தின் சொந்த நிறங்கள். ஆண்கள் கொக்கா இலையை அதில் வைத்திருப்பார்கள். வழியில் இருவர் சந்தித்தால் கைகுலுக்குவதற்குப் பதில் ஒருவர் மொச்சிலாவிலிருந்து ஒரு பிடி இலையை எடுத்து மற்றவர் மொச்சிலாவில் போடுவார், அவர் திருப்பிப் போடுவார். வடக்கே குவஹீரா பாலைநிலத்தில் வையூ பெண்கள் பின்னும் பையும் மொச்சிலாதான். அவர்கள் சொல் ஸுஸு. பளிச்சென்ற நிறங்கள், கோணக் கோலங்கள். இதைப் போய் 'முதுகுப் பை' என்று பெயர்த்தால் கொலம்பியர் ஒருவரும் மன்னிக்க மாட்டார்.

பள்ளிக்கூடப் பைக்கும் இதே கூத்து. கோஸ்தா ரிக்காவிலும் டொமினிகன் குடியரசிலும் புவெர்த்தோ ரிக்கோவிலும் பிள்ளைகள் புல்த்தோ சுமந்து போகிறார்கள். மற்ற இடங்களில் புல்த்தோ வெறும் மூட்டை, பொதி. குவாத்தமாலாவில் அது போல்ஸோன். கொலம்பியாவில் பல தாய்மார் "மலேத்தாவை எடுத்துக்கொண்டாயா?" என்று கேட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார்கள். ஸ்பெயினில் மலேத்தா என்றால் சூட்கேஸ். அங்கே ஒரு பையன் மலேத்தாவோடு வீட்டைவிட்டுக் கிளம்பினால் தாய்க்கு நெஞ்சு பதறும்.

சூட்கேஸ் என்றதும் 2007 ஆகஸ்ட் 4 நினைவுக்கு வருகிறது. கராக்காஸிலிருந்து புவெனஸ் ஐரஸுக்குத் தனி விமானம் ஒன்று வந்திறங்கியது. சுங்கச் சோதனையில் பயணி ஒருவரின் பெட்டியில் 7,90,550 டாலர் கிடைத்தது. இரண்டு நாட்டு அரசியலும் மாதக்கணக்கில் கொதித்தது. பெட்டி ஒன்றுதான். புவெனஸ் ஐரஸில் அது பலீஹா, இத்தாலியிலிருந்து வந்த சொல், அர்ஜென்டினரின் சூட்கேஸ். கராக்காஸ் பத்திரிகைகளில் அதே பெட்டி மலேத்தீன், கையில் பிடித்துப் போகும் சின்னப் பெட்டி. விவகாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் மலேத்தினாஸோ. 'ஆஸோ' விகுதி அடியையும் அதிர்ச்சியையும் குறிக்கும். கம்பால் அடித்தால் ஓர் ஆஸோ, ஊழல் வெடித்தால் ஓர் ஆஸோ. மூன்றாம் நாட்டில் உட்கார்ந்து இரண்டு செய்திகளையும் படித்தவர் பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி ஒன்று என்று இரண்டு பெட்டிகளைத் தேடியிருக்கலாம்.

மெக்சிகோவில் பழைய ஆட்கள் சூட்கேஸைப் பெத்தாக்கா என்பார்கள். இது அங்கேயே பிறந்த சொல். நாவாத் மொழியில் பெத்லாத் பாய், கல்லி வீடு. பாயால் முடைந்த பெட்டி. கடல் தாண்டி ஸ்பெயினுக்குப் போனதும் அது புகையிலைப் பெட்டியாகி, பிறகு சட்டைப் பையில் ஒளித்து வைக்கும் மதுக்குப்பியும் ஆனது. மெக்சிகோவிலோ பன்மையில் சொன்னால் பிட்டம் என்றும் பொருள். விமான நிலையத்தில் யாரிடமாவது 'உங்கள் பெத்தாக்காக்கள் பெரியவை' என்று சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

பழைய சொற்கள் சாவதில்லை, வேலை மாறிக்கொள்கின்றன. கழுதை மேல் இருபுறமும் தொங்கும் இரட்டைப் பை அல்ஃபோர்ஹா, அரபியிலிருந்து வந்தது. 1605இல் வெளிவந்த 'தோன் கிஹோத்தே' முதல் பாகத்தில் சான்சோ பான்சாவின் உயிர் அதில்தான் இருக்கும், ஏனென்றால் சாப்பாடு அதில்தான் இருக்கும். சத்திரத்துக் கணக்குத் தீராததால் சத்திரக்காரன் அதைப் பிடித்துவைத்துக்கொள்வான்; சான்சோ கலவரத்தில் அதைக் கவனிக்கக்கூட மாட்டான். இன்று சாந்தியாகோ யாத்திரைப் பாதையில் சைக்கிளில் போகிறவர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் மாட்டும் நீர்புகாப் பைக்கு அதே பெயர்தான், அல்ஃபோர்ஹாஸ். நடந்து போகிறவர்களுக்கு மொச்சிலா. தோள் வலித்தால் ஸ்பெயின் அஞ்சல் துறையே கட்டணம் வாங்கிக்கொண்டு அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

கடைசியில் எல்லோர் கையிலும் இருக்கும் அற்பமான பிளாஸ்டிக் பை. டொமினிகன் குடியரசிலும் எக்வடோரிலும் அது ஃபுந்தா. ஸ்பெயினில் ஃபுந்தா என்றால் தலையணை உறை, கைபேசி உறை. கொலம்பியாவின் காலி நகரத்தில் ச்சுஸ்பா. ஆண்டிஸ் மலைகளில் கொக்கா இலை வைக்கும் நெய்த சின்னப் பையின் கெச்சுவாப் பெயர் அது. பொகோத்தாவில் தலேகோ, ஸ்பெயின் கொச்சையில் தலேகோ சிறைச்சாலை, பெசேத்தா காலத்தில் ஆயிரம் பெசேத்தா நோட்டும்கூட. கியூபாவில் ஹாபா, தீவுகளின் பழங்குடி மொழி விட்டுச்சென்ற சொல். கியூபர்கள் அதை மடித்து எப்போதும் உடன் வைத்திருப்பார்கள். எந்தக் கடையில் எந்த நேரத்தில் என்ன வந்திறங்கும் என்று யார் கண்டது?

பனாமாவில் அது கர்த்தூச்சோ. ஸ்பானியம் பேசும் மற்றவர்களுக்குக் கர்த்தூச்சோ என்றால் துப்பாக்கித் தோட்டா. 2018 ஜனவரியில் அந்நாடு பாலிதீன் பைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் போட்டது, 2019 ஜூலையில் பல்பொருள் அங்காடிகளில் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் வாசகத்தில் இருப்பது போல்ஸா. தெருவில் மறைந்தது கர்த்தூச்சோ. சட்டம் எழுதுகிறவர் எல்லா நாட்டுக்கும் பொதுவான சொல்லை எடுப்பது இயல்பு; கதை எழுதுகிறவர் அதைச் செய்தால் கடைக்காரர் வக்கீல் மாதிரிப் பேசுவார். டப்பிங் உலகமும் இப்படிப் பொது ஸ்பானியம் ஒன்றைச் சமைத்துப் பார்த்தது. டிஸ்னி படங்கள் பல காலம் ஸ்பெயினுக்கும் லத்தீன் அமெரிக்காவுக்கும் ஒரே குரல்பதிவோடு போயின. 1991இல் வந்த 'அழகியும் விலங்கும்' படத்திலிருந்துதான் தனித்தனியாகப் பிரித்தார்கள்.

இடுப்பில் கட்டும் பையைச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் ரின்யொனேரா: சிறுநீரகத்தின் மேல் உட்காருவதால். மெக்சிகோவில் கங்குரேரா, கொலம்பியாவிலும் பெருவிலும் கங்கூரோ: கங்காருவின் வயிற்றுப் பை. வெனிசுவேலாவில் கோவாலா, கட்டிக்கொண்டு விடாது என்பதாலோ என்னவோ. சிலியில் பனானோ, வாழைப்பழ வடிவம். ஒரே பைக்கு ஓர் உறுப்பு, இரண்டு ஆஸ்திரேலிய விலங்கு, ஒரு பழம். 'கங்காருவைத் தொலைத்துவிட்டேன்' என்று லீமாவில் ஒருவர் அழுதால் விலங்குக் காட்சிசாலைக்கு போன் செய்ய வேண்டாம்.

இதற்கெல்லாம் துணை நூல் இல்லாமல் இல்லை. ஸ்பானிய அகாடமிகளின் கூட்டமைப்பு 2010இல் வெளியிட்ட அமெரிக்க வழக்குகளின் அகராதியில் 70,000 சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாட்டின் குறியீடு இருக்கிறது. அந்தச் சின்ன எழுத்துகளைப் படிக்கிற பழக்கம் சொல்லைப் படிக்கிற பழக்கத்தைவிட மொழிபெயர்ப்பாளருக்கு உதவும்.

தொடங்கிய இடத்துக்கே ஒரு சோதனையோடு போகலாம். சொராயாவின் பைக் கதையை ஒருவர் புவெனஸ் ஐரஸ் வாசகருக்குச் சொல்ல வேண்டும். போல்ஸோ என்று விட்டால், துணைப் பிரதமர் ஊருக்குக் கிளம்ப மூட்டை கட்டிக்கொண்டு அவைக்கு வந்ததாக ஆகும். கர்த்தேரா என்று மாற்றினால் கைப்பை சரியாக வந்துவிடும். ஆனால் அரசியல் செய்தியில் கர்த்தேரா என்றால் அந்த ஊரிலும் இலாகாதான். 'துணைப் பிரதமர் தன் கர்த்தேராவைப் பிரதமரின் நாற்காலியில் வைத்தார்' என்ற தலைப்பு ஆட்சிக் கவிழ்ப்புச் செய்தியாகவே படிக்கப்படும். 2018 ஜூன் 7 அன்று அவர் தனக்குப் பின் துணைப் பிரதமரான கார்மென் கால்வோவிடம் கர்த்தேராவை முறைப்படி ஒப்படைத்தார். போல்ஸோவை யாரிடமும் ஒப்படைக்க வேண்டியிருக்கவில்லை.